நாலு கைக்காரி

யோகா பாய் இரண்டு, நீச்சல்குளத்து நுரைக்குழாய் ஒன்று,
தூண்டில் கடையில் வாங்கிய நைலான் நரம்பு ஏழு மீட்டர்.
மூன்று மாதம், பணியில்லாத இரவுகளில்
சமையலறை மேசைமேல் வளர்ந்தன
என் மூன்றாம் கையும் நான்காம் கையும்.

மேல்கை அசைந்தால் கீழ்க்கை அசையும்.
மணிக்கட்டுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே
கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது நரம்பு.
அவ்வளவுதான் ரகசியம்.

சாட்ஸ்வர்த்தில் டாக்சி ஏறினேன்.
பதினைந்து பேர் உட்காரும் வண்டியில்
இரண்டு பேர் இடத்துக்குக் காசு கொடுத்தேன்.
கை மாறிக் கை மாறி முன்னே போனது சில்லறை;
பின்சீட்டு அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"எந்தக் கோயிலுக்கும்மா? திருவிழா அடுத்த மாசம்தானே?"
கோயிலுக்கு இல்லை ஆன்ட்டி, நான் மெக்கானிக்.
விண்கப்பல். எஞ்சின் அறை, கீழ்த்தளம்.
அப்படியா என்றாள்.
"என் மகனும் பைன்டவுனில் மெக்கானிக்தான்.
உனக்கு எவ்வளவு தர்றாங்க?"

மண்டப வாசலில் ஆயுதச் சோதனை.
வாள்களுக்கு ஒரு வரிசை, துப்பாக்கிகளுக்கு ஒரு வரிசை.
என் நாலு ஸ்பேனரையும் காவலர் வளைத்துப் பார்த்தார்.
அட்டை என்று தெரிந்ததும் முகம் வாடியது,
நிஜமென்றால் ஒன்று கேட்டிருப்பார் போல.

உள்ளே ஏசி ஓடுகிறது, ஆனாலும் டர்பன் டர்பன்தான்.
கவசத்துக்குள் வியர்வை
முதுகுத்தண்டை எண்ணி எண்ணி இறங்குகிறது.
ஓர் ஓநாய் தன் தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு
குடைந்த ரொட்டிக்குள்ளிருந்து ஆட்டுக்கறி தின்கிறது.
மரண தேவன் சார்ஜர் கேட்டு அலைகிறான்.
"அக்கா, இப்படித் திரும்புங்க, மூச்சைப் பிடிங்க" என்கிறான்
கேமராக்காரப் பையன்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக
நான் பிறருக்குச் சொல்லும் வாக்கியம் அது.

கழிப்பறைக்குப் போனபோதுதான் தெரிந்தது:
நாலு கை இருந்து என்ன,
முதுகு ஜிப் ஒன்றுக்கும் எட்டவில்லை.
பக்கத்துக் கதவிலிருந்து ஓர் அந்துப்பூச்சி வந்தாள்,
சாம்பல் சிறகு வாசலில் சிக்கிப் பக்கவாட்டில் நடந்து.
அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் திருப்பினாள், ஜிப்பை இழுத்தாள்,
என் கைகள் இரண்டைக் கழற்றிக் குழந்தைபோல் ஏந்தி
வெளியே நின்றாள் நான் வரும்வரை.
பிறகு அவள் சிறகை நான் தூக்கிப் பிடித்தேன்.

நொம்தண்டாசோ. வீடு உம்லாசியில்.
சிறகு பழைய திரைச்சீலை,
உணர்கொம்பு தம்பிக்குத் தெரியாமல் எடுத்த கிட்டார் கம்பி.
அவள் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவே ஓர் ஆறு;
அதை யார், எதற்கு எல்லையாக்கினார்கள் என்று
இருவரும் பள்ளியில் படித்திருந்தோம்.
அதைப் பேசவில்லை. பசையைப் பற்றிப் பேசினோம்,
எது வியர்வையில் விடாது, எது நகத்தோடு வரும் என்று.
அரை மணி நேரம்.

நாலு மணிக்கு நரம்பு அறுந்தது.
இடது கீழ்க்கை தொங்கிற்று, பிறகு தோள்பட்டையோடு வந்தது.
வேடமில்லாமல் பள்ளிச் சட்டையில் வந்திருந்த ஒரு சிறுவன்
அதைப் பொறுக்கித் தூசி தட்டி
கொடுக்காமல் வைத்துக்கொண்டான்.
"கொடுத்துடு ஜெவான்" என்று அவன் அம்மா பல்லைக் கடித்தாள்.
இருக்கட்டும் என்றேன்.
சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினான்,
மூன்று கையோடு, யாரையோ அடிக்க.
நானும் மூன்று கையோடு வீடு வந்தேன்.
டாக்சியில் இம்முறை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை. எக்ஸ்ரே அறை.
நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கிறார் பெரியவர் ஒருவர்.
மூச்சை இழுங்க. பிடிச்சுக்கோங்க. அசையாதீங்க.
பொத்தான்மேல் விரலை வைக்கிறேன்.
அப்போது பார்த்து,
இடது விலாவுக்குக் கீழே
ஒன்றுமே இல்லாத இடத்தில்
எனக்கு உள்ளங்கை அரிக்கிறது.

"சிஸ்டர்," என்கிறது சுவரோடு ஒரு குரல்,
"விடலாமா?"